குளியலறையும் குடும்ப நலமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இவ்விழாவிலே பேசுமாறு என்னை அழைத்த சங்கத்தார், எப்பொருளைப் பற்றிப் பேசுவது என்பதை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டனர். இத்தகைய மேடைகளிலே சமய நெறியும், மொழி வளமும், முன்னோர் பெருமையுமே பெரும்பாலும் பேசப்படும். அவை பேசப்பட வேண்டியனவே. ஆயினும், யான் இன்று எடுத்துக்கொண்ட பொருள் மலசலகூடமும் குளியலறையும் ஆகும். இதைக் கேட்டுப் பெரியோர் சிலர் முகஞ் சுளிக்கலாம். இளைஞர் சிலர் சிரிக்கலாம். சிரிப்பவர் சிரித்து முடித்தபின் சற்றே செவிசாய்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன். ஏனெனில், நம் வீடுகளிலே பிள்ளைகளைப் படுக்கையில் வீழ்த்தும் வயிற்றோட்டமும், நெருப்புக் காய்ச்சலும், செங்கமாரியும், பூச்சி நோய்களும் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலிருந்தே புறப்படுகின்றன.

திருக்கேதீஸ்வரத்திலே நின்று இப்பொருளைப் பேசுவதற்குத் தனிப்பட்ட நியாயமும் உண்டு. இத்தலத்துக்கு வருவோர் முதலிற் செய்வது யாது? பாலாவியிலே நீராடுவது. மகா சிவராத்திரி நாளிலே அத்தீர்த்தத்தைக் குடத்தில் மொண்டு சென்று, சாதி வேறுபாடின்றித் தம் கையாலேயே மகாலிங்கத்துக்கு நீராட்டுவது. நீரும் கையும் தூயனவாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்வழிபாட்டின் அடிப்படை. அந்தத் தூய்மையை வீட்டுக்குள்ளும் கொண்டுசெல்வது எப்படி என்பதே என் பேச்சின் பொருள்.

இக்கரை கண்ட நோய்கள்

நாம் வாழும் இக்கரை பல நாட்டு மக்கள் வந்து கூடிய கரை. மாதோட்டம் பழந்துறைமுகம் என்பதை நீங்கள் அறிவீர்கள். பல திசை மக்கள் ஒரிடத்திற் கூடும்போது பொருளும் கலையும் வருவதுபோல நோயும் கூடவே வருகிறது.

மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி ஆகிய கரைகளிலே, ஆளில்லாத மணல்வெளியில், சில வாரங்களுக்குள் ஒரு பட்டினமே எழும். குளிகாரரும், வணிகரும், கூலியாட்களும், அவர்களை நம்பி வந்த சிறுகடைக்காரருமாகப் பல்லாயிரம் பேர் ஓலைக் கொட்டில்களிலே தங்குவர். 1905ஆம் ஆண்டின் குளிப்பு அவற்றுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சிப்பிகளைப் பல நாட்கள் அழுகவிட்டே முத்தெடுத்தனர். அந்த நாற்றத்தையும் இலையான் கூட்டத்தையும் வருணிக்காத பயணியர் குறிப்பு இல்லை என்றே சொல்லலாம். முத்துக்குளிப்பு என்றாலே அரசாங்கத்தார் முதலில் அஞ்சியது வாந்திபேதிக்கு. ஆகவே, ஏலம் கூறும் கொட்டிலோடு மருத்துவமனையையும் அமைத்தே குளிப்பைத் தொடங்கினர்.

இன்னொரு துயரமான வழியும் இக்கரையிலிருந்தே தொடங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்தனர். வழியிலே நல்ல கிணறு அரிது. குளித்த குட்டையிலேயே குடிக்கவும் நேர்ந்தது. வாந்திபேதியினால் வழியிலேயே மடிந்தவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு இல்லை. 1914ஆம் ஆண்டு தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியபின், மண்டபத்திலே முகாம் அமைத்துத் தொழிலாளரைச் சில நாட்கள் தடுத்துவைத்து, நோயில்லையென்று கண்டபின்னரே இக்கரைக்கு அனுப்பினர்.

இவை பழங்கதைகள் என்று ஒதுக்கவும் முடியாது. 2009ஆம் ஆண்டிலே, நமக்கு அண்மையிலுள்ள செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களிலே மக்கள் நெருங்கி வாழ நேர்ந்தபோது, செங்கமாரி பரவி ஆயிரத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அதை உண்டாக்கிய கிருமி மலத்தின் வழியாக நீரிலும் உணவிலும் சேர்வது. இங்கே இருப்போரிற் சிலர் அம்முகாம்களில் வரிசையில் நின்று நீர் பெற்றவர்கள். அவர்களுக்கு யான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாளி நல்ல நீரின் அருமையும், கதவுள்ள ஒரு மலசலகூடத்தின் அருமையும் அவர்கள் நன்கறிவர்.

ஒரு குளமும் ஒரு கிணறும்

நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மனிதர் கண்டறிந்த வரலாற்றில் இரண்டு செய்திகளை மாத்திரம் சொல்கிறேன்.

1854ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் புரோட் வீதி என்னும் தெருவைச் சூழ வாந்திபேதி பரவி, 600க்கு மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றினால் நோய் வருகிறதென்றே அக்காலத்து வைத்தியர் நம்பினர். ஜோன் சினோ என்ற வைத்தியர் இறந்தவர் வீடுகளைக் கணக்கெடுத்து, அவர்களிற் பெரும்பாலோர் ஒரே தெருக்கிணற்றின் நீரைக் குடித்தவர்கள் என்று காட்டினார். அக்கிணற்றில் நோய் எப்படிச் சேர்ந்தது? அதைப் பின்னர் கண்டறிந்தவர் அப்பகுதியின் குருவானவர் ஒருவர். கிணற்றுக்கு அடுத்த வீட்டிலே ஒரு குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டிருந்தது. தாய் குழந்தையின் துணிகளை அலசிய நீரை வீட்டின் கழிவுக் குழியிலே ஊற்றினாள். அக்குழி கிணற்றிலிருந்து ஒரு யார் தூரத்துக்குள் இருந்தது. அதன் சுவரும் இடிந்திருந்தது. அவ்வளவுதான். அந்தத் தாய் செய்ததில் எக்குற்றமும் இல்லை. நம் வீட்டுத் தாய்மார் நாள்தோறும் செய்வதையே அவளும் செய்தாள். குழி இருந்த இடமும், அது கட்டப்பட்டிருந்த முறையுமே குற்றம்.

இரண்டாவது செய்தி நமக்கு அண்மையில் நிகழ்ந்தது. ஜெர்மானிய அறிஞர் ரொபேட் கொக் 1884ஆம் ஆண்டு கல்கத்தாவிலே வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்தபோது, நோய் பரவிய ஒரு குடியிருப்பின் குளத்து நீரிலேயே அக்கிருமியைக் கண்டார். அக்குளத்தைச் சூழ்ந்திருந்த மக்கள் அதிலே குளித்தனர்; நோயாளியின் துணிகளைத் துவைத்தனர்; அதையே குடிக்கவும் எடுத்தனர். குளிக்கும் நீர், துவைக்கும் நீர், குடிக்கும் நீர் மூன்றும் ஒன்றானபோது நோயும் ஒன்றாயிற்று.

இந்த இரண்டு செய்திகளிலும் மலத்திலிருந்து வாய்க்குச் செல்லும் ஒரு வழியையே காண்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 1958ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு நூலிலே இவ்வழியைப் படமாக வரைந்து காட்டினார்கள். நீர், விரல், இலையான், மண் என்பன மலத்திலுள்ள கிருமியைச் சுமந்து நேரே வாய்க்கோ உணவுக்கோ கொண்டுசேர்க்கின்றன. மலசலகூடம் முதலாவது தடை. சவர்க்காரமிட்டுக் கழுவிய கை இரண்டாவது தடை. மூடிவைத்த உணவும் கொதித்தாறிய நீரும் மூன்றாவது தடை. ஒரு தடை உடைந்தாலும் மற்றவை காக்கும். மூன்றும் உடைந்த வீட்டிலே நோய்க்குத் தடையேது?

ஆசாரமும் சுத்தமும்

நம் முன்னோர் சுத்தத்தைப் போற்றியவர்கள். வெளியே சென்று வந்தால் கால் கழுவியே வீட்டினுள் நுழைவோம். செருப்பை வாசலிலே விடுவோம். நீராடாமல் அடுக்களைக்குள் செல்லாத தாய்மார் இன்றும் உளர். மலங்கழித்தபின் நீராற் கழுவும் நம் வழக்கம் கடதாசியாற் துடைப்பதினும் மேலானதென்பதை இன்று மேலைநாட்டாரும் உணரத் தலைப்பட்டிருக்கின்றனர். இவற்றை விடவேண்டுமென்று யான் சொல்லவில்லை.

ஆனால், ஆசாரமும் சுத்தமும் எப்போதும் ஒன்றல்ல. பார்வைக்குத் தெளிந்த நீரால் மூன்றுமுறை கையை நனைத்துவிட்டாற் கை சுத்தமாயிற்றென்று கருதுகிறோம். நம் தோலிலே எண்ணெய்ப்பசை உண்டு. அழுக்கும் கிருமியும் அதிலே ஒட்டிக்கொள்கின்றன. நீர் மாத்திரம் அதன்மேல் வழுக்கிச் சென்றுவிடும். சவர்க்காரமே அப்பசையைப் பிரித்து, கிருமியையும் அதனோடு சேர்த்து நீரிலே போகச் செய்கிறது. சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கம் வந்தால் வயிற்றோட்டம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைகிறதெனப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். இவ்வளவு மலிவான மருந்து வேறு யாது?

கை கழுவுதல் படிப்பில்லாதவர்க்குச் சொல்லும் புத்தி என்று எண்ணவேண்டாம். 1847ஆம் ஆண்டு வியன்னா நகர்ப் பெரிய மருத்துவமனையிலே செம்மல்வைஸ் என்ற வைத்தியர், பிரசவம் பார்க்கும் வைத்தியர்களே தம் கையால் தாய்மார்க்குக் காய்ச்சலைக் கொண்டுசெல்கின்றனர் என்று கண்டு, சுண்ணாம்புக் குளோரின் நீரிலே கை கழுவுமாறு பணித்தார். தாய்மாரின் சாவு வெகுவாகக் குறைந்தது. ஆயினும், கனவான்களின் கையிலே அழுக்கிருக்குமா என்று மற்றைய வைத்தியர் பலர் சினந்தனர்; அவர் சொல்லை ஏற்கப் பல்லாண்டுகள் சென்றன. கற்றவர் கையென்றும், உயர்குலத்தார் கையென்றும் கிருமி பார்ப்பதில்லை.

நோயின் அறிகுறி இல்லாதவர் கையிலும் கிருமி இருக்கலாம் என்பதையும் மனங்கொள்ளுங்கள். நியூயோர்க் நகரிலே மேரி மலன் என்ற சமையற்காரி இருந்தாள். அவளுக்கு ஒரு நோயும் தெரியவில்லை. ஆயினும், அவள் சமைத்த வீடுகள் பலவற்றிலே நெருப்புக் காய்ச்சல் தொடர்ந்தது. அவள் உடம்பிலே அக்கிருமி குடியிருந்து மலத்தோடு வெளியேறி வந்ததை 1907ஆம் ஆண்டு கண்டுபிடித்தனர். மலசலகூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையே ஒரு கை மாத்திரமே இருந்தது. ஆகவே, நான் நோயாளியல்லவே என்று எவரும் கை கழுவாமல் இருக்க நியாயமில்லை.

வீட்டுக்குள் வந்த குளியலறை

நம் பாட்டனார் காலத்திலே மலங்கழிக்கும் இடம் வளவின் கோடியில், குளிப்பது கிணற்றடியில். துலாவால் அள்ளி ஊற்றிய நீர் வாழைக்குப் பாய்ந்தது. வெயிலும் காற்றும் கிணற்றடியைக் காயவைத்தன. இப்போது மலசலகூடமும் குளியலறையும் ஒன்றாகி வீட்டுக்குள் வந்துவிட்டன. சில வீடுகளிலே அடுக்களைச் சுவருக்கு மறுபக்கமே அவை உள்ளன. இரவிலே முதியோருக்கும், மழையிலே பிள்ளைகளுக்கும், எந்நேரமும் பெண்களுக்கும் இது பெரும் நன்மை. எனினும், வெளியே இருந்த ஈரமும் அழுக்கும் இப்போது வீட்டுக்குள்ளேயே தங்குகின்றன. கிணற்றடிக்கு வெயில் செய்த வேலையை இனி நம் கைகளே செய்தல் வேண்டும்.

ஆகவே, சில காரியங்களை ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதலாவது, கை. மலசலகூடம் சென்று வந்தபின்னும், குழந்தையின் மலத்தைக் கழுவியபின்னும், சமைப்பதற்கும் உண்பதற்கும் முன்னும், நோயாளியைப் பராமரித்தபின்னும் சவர்க்காரமிட்டு, இருபது எண்ணும் நேரம் விரலிடுக்கும் நகமும் தேய்த்து, ஓடும் நீரிலே கழுவுதல் வேண்டும். குழாய் இல்லாத வீட்டில் ஒருவர் நீர் வார்க்க மற்றவர் கழுவலாம். அல்லது போத்தலின் மூடியிலே துளையிட்டுக் கட்டித் தொங்கவிடலாம். எல்லோரும் கைவிட்டுக் கழுவும் சட்டிநீர் ஆகாது. குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பெரியவர் மலத்தினும் அதிலே கிருமி மிகுதியாக இருப்பதுண்டு. அதை முற்றத்திலே வீசாமல் மலசலகூடத்திலேயே போடுதல் வேண்டும்.

இரண்டாவது, வாளியும் கோப்பையும். மலசலகூடத்திலே கழுவப் பயன்படும் கோப்பையையே குளிக்கவும், வாய் கொப்பளிக்கவும் எடுக்கும் வீடுகள் உண்டு. இது முற்றாகத் தவிர்க்கத்தக்கது. வெவ்வேறு நிறத்திலே இரண்டு வாளி, இரண்டு கோப்பை வாங்குங்கள். நிறத்தைப் பார்த்துச் சிறுபிள்ளையும் அறிந்துகொள்ளும். தொட்டி இருந்தால் அதனுள் கையை விடாமல் குழாயினாலே நீர் எடுக்கும்படி செய்யுங்கள்.

மூன்றாவது, கழுவாத கை தொடும் இடங்கள். கதவுத் தாழ்ப்பாள், குழாயின் திருகு, நீர்பாய்ச்சும் பிடி, மின்விளக்கின் ஆளி ஆகியவற்றை நாம் கழுவும் முன்னரே தொடுகிறோம்; கழுவியபின் திரும்பவும் தொடுகிறோம். தரையைத் தேய்க்கும் பலர் இவற்றை மறந்துவிடுகின்றனர். வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும் சில வைரசுகள் இத்தகைய பரப்புகளிலே நாட்கணக்காக உயிர்ப்போடு இருக்கக்கூடியன.

நான்காவது, ஈரம். குளித்து முடிந்ததும் தரையிலே நிற்கும் நீரை வழித்துவிட்டு, சாளரத்தைத் திறந்துவையுங்கள். துவாயை ஒவ்வொருவரும் தனித்தனியே வைத்துக்கொள்ளுதல் வேண்டும். ஈரத் துவாயைக் கதவின் பின்னே மாட்டாமல் வெயிலிலே காயவிடுங்கள். பற்தூரிகைகளை ஒன்றோடொன்று படாமல், மலகூடக் குழிக்குத் தூரமாக வையுங்கள். நீரைப் பாய்ச்சும்போது கண்ணுக்குத் தெரியாத துளிகள் மேலெழுகின்றன. கதிரைபோன்ற பீடமாயின் மூடியை மூடிவிட்டு நீர் பாய்ச்சுங்கள். அது முழுதும் தடுக்காது; ஆயினும் பெரிய துளிகள் தெறிப்பதைக் குறைக்கும்.

ஐந்தாவது, கிருமிநாசினி. அழுக்கின்மேல் குளோரினை ஊற்றினால் அதன் வலிமை அழுக்கிலேயே செலவாகிவிடும். முதலில் சவர்க்கார நீரிட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டுப் பின்னரே கிருமிநாசினி இடுதல் வேண்டும். 5 சதவீதக் குளோரின் உள்ள வெளிற்றும் திரவமாயின், அதில் ஒரு பங்குக்கு 49 பங்கு நீர் சேர்த்துப் பத்து நிமிடம் ஊறவிட்டாற் போதும். நோயாளியின் மலமோ வாந்தியோ பட்ட இடமாயின் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர். இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த வெளிற்றும் திரவத்தையும், மலகூடக் கறை போக்கும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கவேண்டாம். இரண்டும் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு எழும். சிறிய அறையிலே கதவை அடைத்துக்கொண்டு கழுவுபவருக்கு அது நுரையீரலைத் தாக்கி உயிருக்கே கேடு செய்யலாம்.

வீட்டிலே ஒருவருக்கு வயிற்றோட்டம் கண்டால், இயன்றவரை அவருக்கு ஒரு மலசலகூடத்தைத் தனியே விடுங்கள். அஃது இயலாதாயின் அவர் சென்றபின் ஒவ்வொருமுறையும் கழுவுங்கள். அவர் துணியைக் கிணற்றடியிலே அலசவேண்டாம். நோய் நீங்கி இரண்டு நாட்கள் வரையேனும் அவர் சமையலில் ஈடுபடாதிருத்தல் நன்று. நோயாளிக்குச் சாவு பெரும்பாலும் கிருமியினால் வருவதில்லை. உடம்பின் நீர் வற்றுவதனாலேயே வருகிறது. கடைகளிலே கிடைக்கும் ஜீவனியைப் பொதியிலே சொல்லிய அளவு நீரிற் கரைத்துக் கொடுங்கள். அது கையில் இல்லாதபோது கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரிலே ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும், அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகப் பருக்குங்கள். கண் குழிந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ வைத்தியசாலைக்குச் செல்லத் தாமதிக்கவேண்டாம்.

மணலும் கிணறும்

இனி, நம் மண்ணைப்பற்றி ஒன்று சொல்லவேண்டும். மன்னார்த் தீவிலும் கடலோரங்களிலும் மணலுக்குக் கீழே நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. தோண்டினால் எளிதிலே நீர் காணலாம். அதே காரணத்தினால் மலகூடக் குழியின் நீரும் எளிதிலே கிணற்றைச் சென்றடையும். இலண்டன் தாயின் கழிவுக் குழியை மறவாதீர்கள். குழிக்கும் கிணற்றுக்கும் இடையே 30 மீற்றர் தூரமும், குழியின் அடிக்கும் நிலத்தடி நீரின் மட்டத்துக்கும் இடையே ஒன்றரை மீற்றர் உயரமும் இருத்தல் நலமென்பது உலகளாவிய நிவாரண நெறிமுறை. சிறிய காணிகளிலே இத்தூரம் கிடைப்பதில்லை. அங்கே அயலவரோடு பேசி, இரு வீட்டுக் கிணறும் குழியும் எங்கெங்கே அமையவேண்டுமெனத் தீர்மானித்தல் வேண்டும். என் வேலிக்குள் நான் குழி வெட்டுகிறேன், உனக்கென்ன என்று கேட்பவர், நிலத்தடியிலே வேலி இல்லையென்பதை அறியாதவர். ஐயமிருந்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் கேளுங்கள். எதற்கும் குடிநீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள்.

தேக்கி வைத்த நீரையும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டு நம் நாடு மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் முடிவிலே, மலேரியாவைப் பரப்பவல்ல, முன்பு இந்நாட்டிற் காணப்படாத ஒரு நுளம்பினம் மன்னாரிலேதான் கண்டுபிடிக்கப்பட்டது. நகர்ப்புறக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் முட்டையிடுவது அதன் இயல்பு. டெங்கு நுளம்பும் நம் குளியலறைத் தொட்டியை விரும்புவது. ஆகவே, கிணற்றுக்கு வலை மூடியிடுதலும், தொட்டியை வாரம் ஒருமுறை வெறுமையாக்கித் தேய்த்தலும் குளியலறைச் சுத்தத்தின் பகுதிகளே.

கழுவுவது யார்?

இவ்வளவும் சொன்னபின் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இளைஞர்களே, உங்களை நோக்கியே கேட்கிறேன். இவற்றையெல்லாம் கழுவுவது யார்?

வீட்டிலே அம்மாவும் அக்காவும். ஊரிலே, தலைமுறை தலைமுறையாக அத்தொழிலுக்கென்றே நாம் ஒதுக்கிவைத்த மக்கள். முன்னாளிலே நம் பட்டினங்களின் வாளி மலகூடங்களைச் சுமந்து அகற்றியவர்களை நாம் அருகே இருத்தவில்லை. அவர்கள் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு சமமாக வைக்கவுமில்லை. நம் அழுக்கை அகற்றியவர் அழுக்கர் என்றும், அழுக்கை உண்டாக்கிய நாம் சுத்தர் என்றும் சொல்லிக்கொண்டோம். இதைவிடப் பெரிய பொய் யாது? 1901ஆம் ஆண்டு கல்கத்தாவில் நடந்த காங்கிரஸ் மகாநாட்டிலே, மலகூடங்கள் நாறிக் கிடந்ததைக் கண்ட காந்தியடிகள் துடைப்பத்தைத் தம் கையிலே எடுத்தார். மற்றவர்க்கு அது தம் வேலையாகத் தோன்றவில்லை. அக்காட்சி நூறாண்டு கடந்தும் நம் வீடுகளிலே மாறவில்லை என்பேன்.

மலசலகூடம் இல்லாமையாலோ, இருப்பது அசுத்தமாக இருப்பதாலோ பெரிதும் வருந்துபவர் பெண்களே. பாடசாலையிலும் பயணத்திலும் நம் சகோதரிமார் பலர் நீர் குடியாமலே பகலைக் கழிக்கின்றனர். மாதவிலக்கு நாட்களிலே பாடசாலைக்கு வராத மாணவியர் உளர். அவர்களுக்குத் தாழ்ப்பாளும், நீரும், மூடியுள்ள குப்பைக் கூடையும் அமைத்துக் கொடுப்பது பெரும் செலவன்று. அதைக் கேட்க அவர்கள் கூசுகின்றனர். கேளாமலே செய்யவேண்டியது நம் கடமை.

நோயாளிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது என்பதை இந்நாடு முன்னரே அனுபவத்தாற் கற்றிருக்கிறது. கொக்கிப்புழு நோயை ஒழிக்க 1916 முதல் தோட்டங்களிலே மருந்து கொடுத்தனர். மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால், மலசலகூடமில்லாத நிலத்திலே வெறுங்காலோடு நடந்தவர்களைப் புழு திரும்பவும் பற்றியது. அந்தப் பாடத்தின் பின்னரே வீடுவீடாகச் சென்று மலசலகூடமும் கிணறும் பார்க்கும் சுகாதாரப் பகுதி 1926இல் களுத்துறையிலே தொடங்கப்பட்டது. இன்று நம் வாசலுக்கு வரும் பரிசோதகரும் குடும்பநல உத்தியோகத்தரும் அந்த மரபில் வந்தவர்களே. அவர்கள் வாசல்வரை வரலாம். உள்ளே தேய்ப்பது நாமாகவே இருத்தல் வேண்டும்.

சங்கத்தின் முன் ஒரு வேண்டுகோள்

இத்தலம் பல நூற்றாண்டுகள் பாழ்பட்டுக் கிடந்தது. 1872ஆம் ஆண்டு ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோளைக் கேட்டு மக்கள் விழித்தனர். 1948இல் திருப்பணிச் சபை அமைந்தது. போர்க்காலத் துன்பங்களையும் கடந்து 2022ஆம் ஆண்டு குடமுழுக்குக் கண்டோம். கற்கோயிலை எழுப்பிய பெரியோர் தம் பங்கைச் செய்துவிட்டனர். வருவோர் நோயின்றித் திரும்பும்படி செய்வது இளைஞர் பங்கு.

சிவராத்திரியிலே நம் இளைஞர் தாகசாந்தி வழங்குவதும், அன்னதானத்திலே பரிமாறுவதும் போற்றத்தக்கன. ஆயினும், நிழற்பந்தலிலே மோர் வார்க்க நூறு கைகள் முன்வருகின்றன. மலசலகூடத்து வாசலிலே நீரும் சவர்க்காரமும் வைக்க எத்தனை கைகள் முன்வருகின்றன? 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்திலே கடைதோறும், கோயில்தோறும் கை கழுவும் குழாய்கள் வைத்தோம். அச்சம் நீங்கியதும் அவை வறண்டன. அடுத்த சிவராத்திரிக்கு அவற்றைத் திரும்பவும் ஓடவைப்போம். ஒவ்வொரு மடத்தின் மலசலகூடத்துக்கும் மணிக்கொருமுறை கழுவும் முறைவரிசை ஒன்று எழுதுவோம். அந்த வரிசையிலே தலைவர் பெயரும், செயலாளர் பெயரும் முதலிலே இருக்கட்டும். சாதியும் உத்தியோகமும் பாராமல் மற்றவர் பெயர்கள் பின்தொடரட்டும். அன்னதானத்திலே சமைப்பவரும் பரிமாறுபவரும் பெரியோர் கண்முன்னே சவர்க்காரமிட்டுக் கை கழுவிய பின்னரே அகப்பையைத் தொடட்டும். வயிற்றோட்டம் உள்ளவர் அன்று பரிமாற வரவேண்டாம்; அவர் வேறு தொண்டு செய்யலாம்.

பெரியோர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் வீட்டு மலசலகூடத்தைத் தேய்க்கக் கண்டால், இது பெண்பிள்ளையின் வேலை என்று தடுக்காதீர்கள். அவனைப் பாராட்டுங்கள். இயலுமாயின் அடுத்த வாரம் நீங்களே தேய்த்துக் காட்டுங்கள். தந்தை செய்வதைப் பிள்ளை செய்வான். தந்தை சொல்வதை மாத்திரம் பிள்ளை செய்வதில்லை.

இளைஞர்களே, இன்றிரவு வீடு சென்றதும் உங்கள் குளியலறைக்குள் விளக்கேற்றிப் பாருங்கள். சவர்க்காரம் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா? வாளிகள் இரண்டா, ஒன்றா? தாழ்ப்பாளைக் கடைசியாகத் துடைத்தது யார்? இக்கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாதவர், வரும் ஞாயிற்றுக்கிழமை காலையிலே தூரிகையோடு உள்ளே செல்லட்டும். பாலாவி நீரைக் குடத்திலே ஏந்தும் அதே கை அது என்பதை நினைத்துக்கொண்டு தேய்க்கட்டும்.

எல்லா வீடுகளிலும் நலம் பெருகுவதாக.